கடைசி ஆள்

"றொபி, அது வெறும் கதிரை. அதில தடுக்குப்பட்டு விழ ஒரு ஆளால ஏலுமெண்டு நான் இண்டைக்குத்தான் கண்டன்."

மணலிலிருந்து எழுந்த றொபி, கதிரையை நிமிர்த்தி வைத்துவிட்டு அதனிடமே மன்னிப்புக் கேட்பவன் போல நின்றான். அனுஜா டீச்சருக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

கற்பிட்டிக் கடற்கரையில் நடந்துகொண்டிருந்த தொலைக்காட்சிப் போட்டி அது. சிவப்பு அணி, நீல அணி. நீல அணிக்கு றொபியைத் தலைவனாக்கியவர்கள் நிகழ்ச்சிக்காரர்கள்தான். அகன்ற தோள், முறுக்கேறிய கை, போதாததற்கு மீனவன். பதாகையில் அவன் படத்தைத்தான் பெரிதாகப் போட்டார்கள். வந்த நாளிலிருந்து அவன் மரக்கட்டையில் நடக்கப்போய் விழுந்தான், டயருக்குள் நுழையப்போய்ச் சிக்கினான், பந்தை எறிந்து கமராக்காரரின் தொப்பியைத் தட்டிவிட்டான்.

அனுஜாவின் கதை வேறு. உடப்பைச் சேர்ந்த அவள் விளையாட்டு ஆசிரியை. ஆனால் குள்ளம், நல்ல குண்டு. முதல் நாளே நிகழ்ச்சி உதவியாளர் ஜப்பார், "குசினி அந்தப் பக்கம்," என்று, சமைக்க வந்தவளென்று நினைத்துக் கைகாட்டிவிட்டார். பாடசாலையிலும் இதே கூத்துத்தான். "இவ ஓடுவாவா?" என்று பெற்றோர் கேட்பதும் அதிபர் சிரிப்பதும் அவளுக்குப் புளித்துப்போயிருந்தது. ஒரு விளையாட்டிலாவது வெல்லவேண்டும், அதை அவர்கள் எல்லோரும் டீவியில் பார்க்கவேண்டும். அவள் வந்தது அதற்காகத்தான்.

அவளும் றொபியும் இருந்த நீல அணி இதுவரை ஒன்றிலும் வெல்லவில்லை. இன்று தோற்கும் அணி வீட்டுக்கு.

"டீச்சர், இண்டைக்கு என்ன விளையாட்டு எண்டு உங்கட டீம்தான் சொல்லோணும்," என்றார் ஜப்பார். "சுறுக்காச் சொல்லுங்க, வெயில் ஏறுது."

சற்றுத் தள்ளிக் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலில் கிடந்த வலையின் நீண்ட கயிற்றை ஆட்கள் வரிசையாகப் பிடித்துப் பின்பக்கமாக நடந்தார்கள். இரண்டொருவர் மட்டும் கயிற்றை விட்டுவிட்டுத் தண்ணீர்ப் பக்கமாக நடந்து போனார்கள். எங்கேயும் நாலு பேர் உழைத்தால் இரண்டு பேர் உலாத்தத்தான் செய்வார்கள் என்று அனுஜா நினைத்துக்கொண்டாள்.

"றொபி, நீயும் இந்த வேலைதானே?"

"ஓம் டீச்சர். பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலயிருந்து இதுதான். எங்கட வலைக்காரச் சம்மாட்டியார் வலை இழுக்க இன்னும் ட்ராக்டர் எடுக்கேல்ல. எல்லாம் கையாலதான்."

"கயிறைப் பிடிச்சா விழமாட்டியே?"

"கயிறு கையில இருந்தா நான் விழுறதில்ல."

இத்தனை நாளில் அவன் உறுதியாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"கயிறிழுத்தல் எண்டு போடுங்க, ஜப்பார் நானா," என்றாள் அனுஜா.

நீல அணியில் மூன்றாவது ஆள் டிலுக்ஷி. அவளை முன்னுக்கு நிறுத்திவிட்டு அனுஜா நடுவில் நின்றாள்.

"றொபி, நீ கடைசி."

றொபியின் முகம் மாறியது. "கடைசியில வேணாம் டீச்சர். என்னை நடுவில விடுங்க. நீங்க கடைசியில நில்லுங்க."

"ஏன்?"

"அது... நீங்க நிண்டாத்தான் சரியா இருக்கும்."

அனுஜாவுக்குச் சுருக்கென்றது. பாரமான ஆளைக் கடைசியில் நிறுத்தவேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவளே அவள்தான். ஆனாலும் அதை இவன் வாயாலும் கேட்கவேண்டுமா?

"என்ர உடம்பைப் பாத்துத்தானே சொல்லுறாய்?"

"ஐயோ மாதாவே, இல்ல டீச்சர்! கடைசியில நிண்டா என்ர கை தன்ரபாட்டில..."

"காணும் றொபி. எனக்குக் களைச்சுப்போச்சு. இந்தத் தோளை வச்சுக்கொண்டு உனக்கென்ன பயம்? போய் நில்லு."

"டீச்சர் சொல்லுறதைக் கேள் றொபி," என்றாள் டிலுக்ஷியும். அவன் தலையைக் குனிந்தபடி போய் நின்றான்.

ஜப்பார் விசில் ஊதினார். எதிரே சிவப்பு அணியின் மூன்று பேரும் ஜிம்மிலேயே வளர்ந்தவர்கள். முதல் இழுவையிலேயே டிலுக்ஷி முன்னால் வழுக்கினாள். தொலைந்தது என்று அனுஜா கண்ணை மூடினாள்.

அப்போதுதான் பின்னாலிருந்து அந்த இழுவை வந்தது. அவசரமில்லாத, ஒரே சீரான இழுவை. அனுஜாவின் கால்கள் தாமாகவே ஓரடி பின்னுக்கு நகர்ந்தன. பிறகு இன்னுமோரடி. எதிரணியின் மூன்று பேரும் குதிக்காலால் மணலை உழுதுகொண்டு முன்னால் வந்தார்கள்.

"வருது, வருது!" நடுநிலையாக நிற்கவேண்டிய ஜப்பாரே கத்தினார்.

எதிரணியின் முதல் ஆளுக்கும் மணலில் கீறியிருந்த நடுக்கோட்டுக்கும் இடையில் ஒரு சாண்தான் இருந்தது. அதிபரின் முகம் அனுஜாவின் கண்ணுக்குள் வந்தது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இன்னும் ஒரேயொரு இழுவை.

கயிறு சட்டென்று பாரமாகியது.

அனுஜா திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாருமில்லை. கயிற்றின் நுனி மட்டும் மணலில் ஒழுங்காகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

கரைவலையில் கடைசி ஆளின் வேலை அதுதான்: இழுத்த கயிறு கரையேறியதும் தன் பிடியை விட்டுவிட்டு, முன்னுக்குப் போய்த் தண்ணீரோரம் மறுபடி பிடிக்கவேண்டும். டிலுக்ஷியோடு சேர்ந்து கோட்டைத் தாண்டிக் குப்புற இழுபட்டுக்கொண்டே அனுஜா பார்த்தாள். கயிற்றின் முன்பக்கத்தைப் பிடிக்க றொபி அவளைக் கடந்து ஓடிக்கொண்டிருந்தான், இந்தப் போட்டியில் முதல் தடவையாக எதிலும் தடுக்குப்படாமல்.