செத்தவர் பார்த்துக்கொள்ளும் அடுப்பு

"கேஸ் அடுப்பா?"

வாயருகே கொண்டுபோன சான்ட்விச்சை டைரீ அப்படியே தட்டில் வைத்தான்.

"ஆமா, கேஸ்தான். அதுக்கென்ன இப்போ?" என்றார் கடைக்காரர் ரோஸ்கோ. முகத்தில் வெட்கம் ஒரு பொட்டுகூட இல்லை.

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் ஊரில் ஒருவன் பெண்டாட்டியை விட்டுவிட்டு ஓடலாம். அடுத்த மாசமே சர்ச்சில் உட்கார இடம் கொடுப்பார்கள். பன்றிக்கறியைக் கேஸில் சுட்டவனுக்கு மட்டும் நிற்கக்கூட இடம் கிடையாது.

"காலமெல்லாம் ஹிக்கரி விறகுல சுட்ட மனுஷன். உங்களுக்கே நல்லா இருக்கா பெருசு?"

"பொத்தானை அமுக்கினா அதுவே பாத்துக்குது. எனக்கும் வயசாச்சுல்ல?"

கறிக்கு எந்தக் கடைக்குப் போகலாம் என்று வருஷா வருஷம் பத்திரிகையில் பட்டியல் போடுகிறவன் டைரீ. ஒரு கடையின் பெயரை அவன் போட்டால் வாசலில் கூட்டம், அடித்தால் ஈ. பென்சிலை எடுத்து, ரோஸ்கோவின் கண்ணெதிரிலேயே அவர் பெயரை அடித்தான்.

"சோம்பேறிக்கெல்லாம் என் பட்டியல்ல இடமில்லை."

"தாராளமா அடி."

பக்கத்துக் கடை ஹோசியாவுடையது. ஒரு காலத்தில் இரண்டும் ஒரே கடைதான், இருவரும் கூட்டாளிகள். சாஸில் சர்க்கரை கூடவா குறைச்சலா என்று சண்டை வந்து, நடுவில் சுவர் எழுப்பி, இருபது வருஷம் முகம் பாராமல் இருந்தார்கள். மார்ச்சில் ஹோசியா செத்தபோது ரோஸ்கோ அடக்கத்துக்குக்கூடப் போகவில்லை.

மறுநாள் காலை ஆறரைக்கே டைரீ ஹோசியாவின் கடையில், அவர் மனைவி வெர்லீன் முன்னால் நின்றான்.

"வெர்லீனம்மா, கறி பிரமாதம். முதல் இடமே தரலாம். ஆனா சமைக்கிறவரைப் பாக்காம நான் எழுத மாட்டேன்."

"அவரைத்தான் மார்ச்லயே அடக்கம் பண்ணியாச்சே, தம்பி."

சொன்னவள் சிரிக்கவில்லை.

வெர்லீனுக்குப் பகலெல்லாம் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. புருஷன் போன மறு வாரம், கடைசியாக ஒரே ஒரு தடவை என்று பன்றித் தோள்களை அடுப்பில் ஏற்றி, கங்கு போட்டுவிட்டு வேலைக்குப் போனாளாம். அரைமணிக்கொரு தரம் கங்கு அள்ளிப் போடாவிட்டால் அணைந்துபோகிற அடுப்பு அது. சாயங்காலம் வந்து பார்த்தால், யாரோ திருப்பிவிட்டு, வினிகர் தடவி, கறி பதமாக வெந்திருந்ததாம். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான்.

"வெளியில வாங்கி விக்கிறேன்னு சந்தேகமிருந்தா இங்கேயே உக்காந்து பாரு. உன் பட்டியல்ல பேர் வரலைன்னா இந்த மாசத்தோட கடைக்குப் பூட்டுதான். அடுப்பறைக் கதவை மட்டும் திறக்காதே. நெருப்பு பாக்கும்போது ஆள் வந்தா அவருக்குப் பிடிக்காது."

வாசலை வெளியே பூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஆற்றுப் பனிமூட்டம் ஜன்னல் கண்ணாடியில் அப்பிக்கிடந்தது. அடுப்பறைக்குள் கங்கு வெடிக்கும் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அணைந்துவிட்டது என்று டைரீ நினைத்த நேரம்...

டங். டங். டங்.

கங்கு அள்ளும் ஷவலை இரும்புக் கதவில் மூன்று தடவை தட்டிச் சாம்பல் உதிர்ப்பது ஹோசியாவின் பழக்கம். ஊருக்கே தெரியும்.

பிறகு மூக்கால் இழுத்துப் பாடுகிற ஒரு சர்ச் பாட்டு. அதுவும் ஹோசியாவின் இழுவைதான்.

"யாரு உள்ளே?"

பாட்டு நின்றது. கதவிடுக்கில் புகை விரல் விரலாக நீண்டு வந்து டைரீயின் பூட்ஸைத் தடவியது.

ஓடலாம் என்றால் வாசல் பூட்டியிருக்கிறது. அடுப்பறைக் கதவைத் தள்ளினான்.

ஆள் இல்லை. பின்கதவு உள்தாழ் போட்டபடி இருந்தது. அடுப்பில் புதுக் கங்கு சிவந்து கிடந்தது. அப்போதுதான் திருப்பிய தோள்களிலிருந்து வினிகர் சொட்டியது. ஆணியில் தொங்கிய ஹோசியாவின் ஏப்ரன் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"ஹோசியாண்ணே... நான் சும்மா பட்டியலுக்குத்தான் வந்தேன்..."

விறகுக் குவியலுக்குப் பின்னாலிருந்து ஒரு முனகல்.

எட்டிப் பார்த்தான். நடுச்சுவர் எழுப்பியபோது அடைக்காமல் விட்டுப்போன சின்னத் திறப்பு அங்கே இருந்தது. தலை அந்தப் பக்கமும் இடுப்புக்குக் கீழே இந்தப் பக்கமுமாக ஒரு கனத்த உடம்பு அதில் மாட்டிக்கொண்டு உதைத்துக்கொண்டிருந்தது.

"பேயைப் பாத்தவன் மாதிரி நிக்காதேடா! காலைப் பிடிச்சு இழு!"

இழுத்தான். உடம்பெல்லாம் சாம்பலோடு வந்து விழுந்தார் ரோஸ்கோ.

"நீங்களா! அடக்கத்துக்கே வரலையே நீங்க?"

"வந்திருந்தா அழுதிருப்பேன். ஊர் பாத்திருக்கும்."

"வெர்லீனம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா அன்னிக்கே கடையை மூடிடுவா. என் கையால ஒரு வாய் தண்ணி வாங்க மாட்டா. புருஷன்னு நெனச்சுத்தான் விட்டு வச்சிருக்கா. தெருவுல போறவங்க காதுல விழணும்னுதான் அவனை மாதிரியே தட்டறேன், பாடறேன். எழுதித் தொலைச்சிடாதே."

டைரீ பட்டியலை எடுத்து வெர்லீன் கடையை முதலில் எழுதினான். பென்சில் கீழே இறங்கி, அடித்துப் போட்ட பெயரருகே நின்றது.

"இதை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். உங்க பேரையாவது திரும்பச் சேத்துடறேன்."

"வேணாம். கேஸ்ல சுடறவனைச் சேத்தா ஏன்னு கேப்பாங்க."

"அதுதான் எனக்கும் புரியலை. இவ்வளவு கைப்பக்குவம் வச்சுக்கிட்டு உங்க கடைக்கு எதுக்குக் கேஸ்?"

ரோஸ்கோ அடுப்பிலிருந்த ஒரு தோள்கறியைத் திருப்பிப் போட்டார்.

"இருக்கறது நான் ஒருத்தன். சுவருக்கு ரெண்டு பக்கமும் விறகு எரிஞ்சா எதைத்தான் பாக்கறது, தம்பி?"