பரிசோதனைக்குப் போன மண்

மில்லிக்கன் பகுதி வீட்டுப் பின்வளவில் குலசேகரத்தாரின் கத்தரிச் செடிகள் இந்தக் கோடையிலும் மஞ்சளித்து நின்றன.

“மண்ணை லாபில குடுத்து ரெஸ்ற் பண்ணாமல் சுண்ணாம்பு போடாதேங்கோ, மாமா,” என்றாள் மருமகள் சாம்பவி.

“தோட்டம் செய்து வளந்தவனுக்கு மண்ணைப் பாத்தால் தெரியாதோ? சரி, உவங்கள் என்னத்தைக் கிழிக்கிறாங்கள் எண்டு பாப்பம்.”

தன் கையாலேயே கல் பொறுக்கி, மண்ணை அரித்து, புதுப் பையில் கட்டி லாபுக்கு அனுப்பினார்.

முடிவு வந்தது. மண் அருமையானது, சுண்ணாம்பும் வேண்டாம், உரமும் வேண்டாம்.

“கண்டியே பிள்ளை! செடி சாகக் கிடக்குது, மண் அருமையாம்! படிச்ச மொக்குக் கூட்டம். உவங்களுக்கு ஒரு லாப் கேடு!”

சாம்பவிக்குக் குழப்பமாக இருந்தது. “நீங்கள் எந்த இடத்தில மண் எடுத்தனீங்கள், மாமா?”

குலசேகரத்தாருக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது.

“உந்தச் செத்த மண்ணை ஊரானுக்கு அனுப்பி மானங்கெட நான் என்ன விசரனே? பக்கத்து வீட்டுப் பேபியக்காவின்ர கத்தரிக்குக் கீழ, நல்ல கறுத்த மண்ணாப் பாத்துக் கேட்டு வாங்கியெல்லோ அனுப்பினனான்!”