இரவல் கழுத்து

தன்னலமற்ற சேவையே மனிதனைக் கடைத்தேற்றும். அதை வாங்கிக்கொள்ளத்தான் காலையிலிருந்து ஆள் இல்லை. குடியை விட்டு நாற்பத்தொரு நாளான சவரக்காரர், தினம் ஒரு நல்லது செய்யச் சொன்ன மறுவாழ்வு மையத்தின் பேச்சைக் கேட்டு, ‘இன்று சவரம் இலவசம்’ என்று அட்டை மாட்டியிருக்கிறார். தெருவில் தாடிக்குப் பஞ்சமில்லை, துணிச்சலுக்குத்தான். கடைசியில் மனைவியின் தம்பி வந்து நாற்காலியில் சாய்கிறான். முன்பு போதையில் இவர் கிழித்த காதின் தழும்பு கண்ணாடியில் தெரிகிறது. “பயமா இல்லையாடா மச்சான்?” “அக்காவையே குடுத்துட்டோம் மாமா, கழுத்தென்ன பெரிய கழுத்து!” வெயில் மின்னும் கத்தி நுரைக்குள் மெல்ல இறங்குகிறது. கை நடுங்கவில்லை. “நீ நல்லா இருக்கணும்டா,” என்கிறார், கண்ணைத் தோளில் துடைத்தபடி. கத்தியில் வருவது வெறும் நுரை. மைத்துனன் காலையிலேயே வீட்டில் சவரம் செய்துவிட்டான்.