பெயர் சொல்லிக் கேட்டவர்

அமெரிக்காவில், காப்பெல் ஊர் நூலகத்தின் சின்ன அறையில் பிற்பகல் இரண்டு மணி வெயில் மேசைமேல் கிடக்கிறது. அடுத்த அறையில் யாரோ குழந்தைகளுக்குக் கதை படிக்கிறார்கள். குர்து இனத்தவளான பெரிவானின் தம்பி, துருக்கியில் சொந்த ஊரில் பள்ளி ஆசிரியன், தாய்மொழியில் புத்தாண்டு வாழ்த்து அச்சடித்ததற்காகச் சிறையில் இருக்கிறான். அவனை விடுவிக்கக் கோரும் மனுவில் கையெழுத்துப் போட, பக்கத்து வீட்டு ரிஸ்வானா குனிகிறாள். “கிரீன் கார்டு வர்ற நேரம். இதெல்லாம் நமக்கு வேணாம்மா,” என்று அவள் கணவன் நிசார் காதருகே சொல்கிறான். “ஒரு கையெழுத்துதாங்க,” என்கிறாள் அவள். அப்போது கோல்ஃப் சட்டை போட்ட, முன்பின் தெரியாத ஒருவர் உள்ளே வருகிறார். யாரிடமும் எதுவும் கேட்காமல், மனுவின் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் படமெடுக்கிறார். பிறகு பெரிவானிடம் துருக்கி மொழியில் இரண்டு வார்த்தை சொல்லி, சிரித்த முகத்தோடு வெளியே போகிறார். பெரிவான் உடனே கைப்பையைத் திறந்து, வெளிநாட்டுக்குப் பேசும் காலிங் கார்டைத் தேடுகிறாள். என்ன சொன்னார் என்று நிசார் ஆங்கிலத்தில் கேட்கிறான். “அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டார். பேர் சொல்லிக் கேட்டார். அம்மா பேரை நான் இங்க யார்கிட்டயும் சொன்னதே இல்ல.” கார்டின் எண்களைப் போனில் அவள் இரண்டு முறை தப்பாக அழுத்துகிறாள். அம்மா இருக்கும் தியார்பக்கிரில் இப்போது இரவு பத்து. அம்மா வெளியே போகாத நேரம். போன் ஸ்பீக்கரில் மறுமுனை மணி அடிக்கிறது. நிசார் வாசலையே பார்த்து நிற்கிறான். போகலாம் என்று அவன் சொல்லவில்லை. ரிஸ்வானா பெயரை எழுதி முடிக்கிறாள். எழுத்துகள் அவளுடையவை போலவே இல்லை. யாரும் எடுக்காமல் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.