செவ்வலரி வந்தால்

ஐயர் வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே செவ்வலரி.

கனகலிங்கம் வெள்ளலரிதான் வர வேண்டும் என்று சற்று முன்புதான் பிள்ளையாருக்குத் தேங்காய் ஒன்று நேர்ந்திருந்தான்.

வெள்ளை வந்தால் இப்போது படிக்கிற சிவில் படிப்பையே தொடர்ந்து, வருகிற ஆடியில் இஞ்சினியராக வெளியே வருவது. சிவப்பு வந்தால் எலெக்ட்ரிக்கலுக்கு மாறி, இன்னும் இரண்டு வருடம் கொழும்பிலேயே கிடப்பது. விடுமுறைக்கு வந்த நாளிலிருந்து தகப்பன் ஏரம்புவும் மகனும் இதற்காக மல்லுக்கட்டி, கடைசியில் பொறுப்பைப் பிள்ளையார் தலையில் போட்டிருந்தார்கள்.

அவர்கள் ஊரான பண்டத்தரிப்பில் இப்படிப் பூக்கட்டிப் பார்ப்பது புதிதல்ல. கன்னிப்பெண்ணொருத்தி ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் சுற்றிக் கட்டிக் கொடுப்பாள். ஐயர் சாமி காலடியில் வைத்து, பூசை முடிந்ததும் ஒன்றை எடுப்பார். அதற்கு மேல் ஒருவரும் வாய் திறக்க முடியாது.

மாற வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றவன் கனகலிங்கம்தான். பாலத்துக்கும் மதகுக்கும் கணக்குப் போடும்போது தூங்கி வழிகிறவன், கல்லூரியில் டைனமோ இருந்த அறைக்குள் போனால் சோறு தண்ணியை மறந்துவிடுவான். ஏரம்புவுக்கு இது விளங்கவில்லை. இஞ்சினியர் என்றால் தொப்பியும் போட்டுக்கொண்டு றோட்டில் நிற்க வேண்டும், பின்னால் ஓவசியர் குடை பிடிக்க வேண்டும்.

“எங்கடை ஊரிலை இன்னும் மண்ணெண்ணெய் விளக்கு. நீ ஆருக்குத் தம்பி கரண்டு படிக்கிறாய்?” என்று கேட்டுக் கேட்டு மனிதருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

அதற்கெல்லாம் இவன் அசையவில்லை. அவனை அசைத்தது கொடிகாமத்துச் சம்பந்தம்.

அது மாற்றுச் சம்பந்தம். கொடிகாமத்தார் தங்கள் மகளைக் கனகலிங்கத்துக்குக் கொடுப்பார்கள். அவனுடைய தங்கை பாலேஸ்வரியைத் தங்கள் மகனுக்கு எடுப்பார்கள். ஒன்று குழம்பினால் மற்றதும் குழம்பும். ஆடியில் இவன் படித்து முடித்தால் ஆவணியில் இரண்டு கலியாணமும், அதற்கு மேல் பொறுக்க மாட்டோம் என்று கண்டிப்பாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள்.

இன்று விடிய, பாலேஸ்வரி பூப்பறிக்கக் கிளம்பியபோது கிணற்றடியில் அவனிடம் கேட்டாள்.

“அண்ணை, மாறினால் ரண்டு வருசம் கட்டாயம் செல்லுமோ?”

ஓமென்றான். அவள் குரலில் ஒரு நடுக்கம் இருந்ததைக் கவனித்தான். அவள் பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு விறுவிறென்று போய்விட்டாள்.

பாவம், ஒரு பெண்பிள்ளையின் வாழ்வில் மண்ணள்ளிப் போட்டுவிட்டு எனக்கென்ன டைனமோ வேண்டிக்கிடக்கிறது என்று அவனுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. ஆனாலும் தகப்பனிடம் போய்த் தோற்றுவிட்டேன் என்று சொல்ல ரோசம் இடம் கொடுக்கவில்லை. பிள்ளையார் சொன்னதாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்துத்தான் அந்தத் தேங்காயை நேர்ந்தான்.

பிள்ளையார் காலை வாரிவிட்டார்.

“ஐயோ, என்ரை பிள்ளையின்ரை கலியாணம்!” என்று தாய் கனகாம்பிகை தலையில் கைவைத்துக்கொண்டு தூணடியில் குந்திவிட்டாள். ஏரம்பு அந்தப் பூவையே பார்த்துக்கொண்டு நின்றார். மகன்மேல் கோபப்படக்கூட அவருக்குத் தோன்றவில்லை. சாமி வாக்கைத் தட்டுகிற துணிவு அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் கிடையாது. இனிக் கொடிகாமத்துக்கு ஆளனுப்பிச் சொல்ல வேண்டியதுதான்.

கேட்டது கிடைத்தவனுக்குக் கைகால் ஓடவில்லை.

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக்கூடாது, அப்படியே கேணியில் போட்டுவிட வேண்டும். ஐயர் அதை அவனிடம் கொடுத்தார். தங்கையின் கலியாணம் இதற்குள்ளேயே கிடந்து போயிற்றே என்று நினைக்க அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கேணிப் படியில் பாலேஸ்வரி தனியாக நின்றாள். அவளை நிமிர்ந்து பார்க்க முடியாமல், பொட்டலத்தைத் தண்ணீரில் போட்டான்.

நனைந்த வாழைநார் இளகியது. இலை விரிந்து ஒரு பக்கமாகப் போக, பூ தனியாக மிதந்தது.

அதுவும் செவ்வலரி.

கனகலிங்கம் பார்த்தது சரிதானா என்று குனிந்து இன்னொரு முறை பார்த்தான். பூவைப் பறித்தவளும் அவள், கட்டிக் கொடுத்தவளும் அவள். சாமி காலடியில் வைக்கிற பூவிலேயே இப்படி ஒரு வேலை செய்யத் துணிந்திருக்கிறாள்! அண்ணன் ஆசைப்பட்டதைப் படிக்கட்டும் என்று தன் கலியாணத்தையே கைவிட்டிருக்கிறாளே என்று நினைத்தபோது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“எனக்காகவோ பிள்ளை இப்பிடிச் செய்தனீ?” என்றான்.

பாலேஸ்வரி கோயில் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ஒருவரும் வரவில்லை. எட்டிப் பூவை எடுத்துக் கசக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“அண்ணை,” என்றாள். காலையில் கேட்ட அதே நடுக்கம். “அந்த ரண்டு வருசத்தை ஒரு மூண்டு வருசமாக்க ஏலாதோ?”