மியூசியத்தில் அப்பாவின் மெஷின்

"இன்னிக்கு மியூசியத்துக்குப் போயே ஆகணும்மா. என் மெஷினைப் பார்த்து நாற்பது நாளாச்சு."

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அப்பா சொன்னார்.

"இன்னிக்குக் கூட்டமா இருக்கும்பா" என்றாள் மகள்.

"போன வாரம் லீவுன்னே. அதுக்கு முந்தின வாரம் பெயின்ட் அடிக்கிறாங்கன்னே. கூட்டம்னா இருக்கட்டும். என்னை மட்டும் வேண்டாம்னா சொல்லிடுவாங்க?"

இனித் தட்டிக்கழிக்க வழியில்லை. செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அப்பா முப்பத்தாறு வருஷம் ஒரே தியேட்டரில் ஆபரேட்டர். அதை இடித்தபோது, தான் படம் ஓட்டிய புரொஜெக்டரைப் பழைய இரும்புக்குப் போகவிடாமல் கேட்டு வாங்கி வந்துவிட்டார். ஆள் உயரம். தூக்க ஆறு பேர் வேண்டும். அம்மா போன பிறகு மகள் தன் வீட்டோடு வந்து இருக்கச் சொன்னபோது, "மெஷினுக்கு ஒரு நல்ல இடம் அமையட்டும், வர்றேன்" என்றார்.

மகள் இருப்பது மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. மியூசியத்தில் விண்ணப்பம் கொடுத்துப் பார்த்தாள். "ஏற்கெனவே ஒண்ணு இருக்கும்மா, இடமில்லை" என்று கையை விரித்துவிட்டார்கள்.

அதைச் சொன்னால் அவர் வரமாட்டார். "வாங்கிக்கிட்டாங்கப்பா, கண்ணாடிக்குள்ள வைக்கப் போறாங்களாம்" என்றாள்.

மெஷின் இப்போது அவள் வேலை பார்க்கும் லாரி ஆபீஸ் கோடவுனில், தேய்ந்த டயர்களுக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. "வெள்ளிக்கிழமைக்குள்ள எடுத்துடுங்க மேடம்" என்று மேனேஜர் நேற்றுத்தான் சொல்லியிருந்தார்.

பெற்ற அப்பாவையே ஏமாற்றுகிறோமே என்று பஸ்ஸில் வழி முழுக்க மனசு குடைந்தது. அவரோ ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார்.

மூன்றாவது ஹாலில், கண்ணாடிக்குள் ஒரு புரொஜெக்டர். பார்க்கக் கிட்டத்தட்ட அதே மாதிரி. கீழே பலகையில் அதைக் கொடுத்தவர் பெயர், யாரோ ஒருவர் பெயர். மகள் போய்ப் பலகையை மறைத்துக்கொண்டு நின்றாள்.

அப்பா ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"நல்லாத் துடைச்சு வச்சிருக்காங்க. நான்கூட இவ்வளவு பளபளன்னு வச்சுக்கலை."

காவலாளி பக்கத்தில் வந்தார். "என்னய்யா, ரொம்ப நேரமாப் பார்க்கறீங்க?"

"இது என்னோட மெஷின் தம்பி. நான் குடுத்தது."

காவலாளி மகளைப் பார்த்தார். அப்பாவின் முதுகுக்குப் பின்னால் அவள் கையைக் கூப்பினாள்.

காவலாளி அப்பாவிடம் திரும்பினார். "அப்படிங்களாய்யா, கவலைப்படாதீங்க. பத்திரமாப் பார்த்துக்கறோம்" என்றார்.

வெளியே வந்து மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தப்பித்தாகிவிட்டது.

"மனசு நிறைஞ்சு போச்சும்மா" என்றார் அப்பா.

அதற்குமேல் அவளால் முடியவில்லை.

"அப்பா, அது உங்க மெஷின் இல்லை."

"தெரியும்."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"முப்பத்தாறு வருஷம் கூடவே இருந்திருக்கேன், எனக்கு அடையாளம் தெரியாதா? அதுவும் இல்லாம, விண்ணப்பத்துல நீ என் விலாசத்தைத்தானே எழுதினே? நீ வாங்கிக்கிட்டாங்கன்னு சொன்ன மறுநாளே, இடமில்லைன்னு எனக்கு லெட்டர் வந்துடுச்சு."

"தெரிஞ்சுமாப்பா வீட்டைக் காலி பண்ணிட்டு வந்தீங்க?"

"நான் வரணும்னு நீ இவ்வளவு தூரம் பொய் சொல்றே. வராம இருக்க முடியுமா? அது கிடக்கட்டும், மெஷின் இப்ப எங்க இருக்கு?"

சொன்னாள். வெள்ளிக்கிழமைக் கெடுவையும் சொன்னாள்.

அப்பா கொஞ்சம் யோசித்தார். "என் சிநேகிதன் மகன் பாலிடெக்னிக்ல வாத்தியாரா இருக்கான். பசங்க பிரிச்சுப் பார்த்துக் கத்துக்கட்டும்னு குடுத்துடலாம். சாயங்காலம் பேசறேன்."

"பிரிச்சுப் போட்டுடுவாங்களேப்பா."

"போடட்டும். டயருக்குப் பின்னால நிக்கறதுக்கு அது தேவலை."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எல்லாம் தெரிஞ்சு வச்சுக்கிட்டு, மியூசியத்துக்குப் போகணும், போகணும்னு ஏன்பா என்னை இந்தப் பாடு படுத்தினீங்க?"

"தூக்கத்துலகூட நீ மியூசியம் மியூசியம்னு பிதற்றுறியாம். மாப்பிள்ளை சொன்னார். நான் ஒரு தடவை வந்து பார்த்துட்டு, இதுதான் என் மெஷின்னு சொல்லிட்டா, நீ நிம்மதியாத் தூங்குவேன்னு நினைச்சேன்மா."