ஒத்த ஸ்டார்

வெம்பக்கோட்டை ரோட்டில் பரோட்டாக் கடை போட்டிருக்கும் சின்னத்தாய்க்கு எதிர்க்கடை பலவேசத்தின் மேல் கொலைவெறி. தீபாவளிக்குப் பட்டாசு வாங்க வருகிற கார்கள் எல்லாம் செல்போனைப் பார்த்துவிட்டு அவன் ஓட்டலுக்கே போயின. செல்போனில் இவள் கடைக்கு ஒத்த ஸ்டார்தான். 'சால்னாவில் புழு' என்றுகூட எவனோ எழுதியிருந்தான்.

பலவேசத்தின் வேலைதான் என்று முடிவு கட்டினாள். அவன் வாசலில் எச்சில் தண்ணீரை ஊற்றிப் பார்த்தும் ஆத்திரம் அடங்கவில்லை.

சாயங்காலம் பட்டாசு லோடு ஏற்றும் பாலகுருவும் கூட்டாளிகளும் வந்து உட்கார்ந்தார்கள். பிய்த்துப் போட்ட பரோட்டா முங்குகிற மட்டும் சால்னா ஊற்றினாள்.

"ஏலே பாலகுரு, பலவேசம் கடைக்கும் ஒத்த ஸ்டார் போடுலே. அவன் ஈ ஓட்டணும்."

"வேண்டாம்க்கா."

"ஏம்லே, அவன் என்ன உனக்குத் தாய்மாமனா?"

"அதில்லக்கா... அங்கன போற காரு அம்புட்டும் இங்கன திரும்பிரும்."

"திரும்பட்டுமே!"

"போன சீசன்ல காருக்காரங்க தின்னது போக எங்களுக்கு ஒரு பரோட்டா மிஞ்சுச்சாக்கா? இப்பத்தான் எம்புட்டோ பாடுபட்டு அவுகள வரவிடாம..."

பாலகுரு நாக்கைக் கடித்துக்கொண்டான். மற்றவர்கள் இலையை விட்டுத் தலை நிமிரவில்லை.

சின்னத்தாய் ஒவ்வொருவனாகப் பார்த்தாள்.

"புழுன்னு எழுதுனது எவம்லே?"

கூட்டாளிகளில் ஒருவனான முத்துப்பாண்டி மெல்ல இலையைக் காட்டினான்.

"அக்கா, இன்னுங் கொஞ்சம் சால்னா..."

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தாள்.

"ஒத்த ஸ்டார் கடையில ஒத்தக் கரண்டிதாம்லே!"